போகும் வழியும் திரும்பும் வழியும்
இரசாயனச் சமநிலை பற்றிய ஒரு பாடம்

நமது சங்கத்தின் மாலை வகுப்பில் இரசாயனம் படிக்கும் தம்பி ஒருவர், பரீட்சை நெருங்கிய வேளையில் தமது பயிற்சி விடைத்தாள் ஒன்றை நம்மிடம் கொண்டுவந்தார். அமோனியா வாயுவை உண்டாக்கும் கலத்தை மேலும் சூடாக்கினால் என்ன ஆகும் என்பது வினா. “சூடு ஏறினால் வினை விரைவாக நடக்கும், ஆகவே அமோனியா அதிகமாகக் கிடைக்கும்” என்று தம்பி எழுதியிருந்தார். பள்ளி ஆசிரியர் முதல் வாக்கியத்துக்குச் சரி என்றும் இரண்டாவதற்குத் தவறு என்றும் குறியிட்டிருந்தார். தம்பிக்கு மனத்தாங்கல். “விரைவாக நடந்தால் அதிகமாகத்தானே சார் கிடைக்கும்? வேகமாக ரொட்டி போடுகிற கடையில்தானே அதிக ரொட்டி இருக்கும்?” என்று கேட்டார்.

கேள்வி நல்ல கேள்விதான். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இதே பிழையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய இரும்பாலை முதலாளிகள் ஏராளமான பணத்தைக் கொட்டிச் செய்திருக்கிறார்கள். ஆகையால் இந்த இதழில் அவருக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். பரீட்சைக்குப் படிக்காத வாசகர்களும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதன் கடைசிப் பகுதி, காரோட்டுபவர் எவருக்கும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஒரு வினை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு தூரம் நடந்து நிற்கிறது என்பது வேறொரு கேள்வி. தம்பி முதற் கேள்வியின் விடையை இரண்டாவது கேள்விக்கும் எழுதிவிட்டார்.

விறகு எரிந்து சாம்பலாகிறது. சாம்பலும் புகையும் கூடி மறுபடி விறகாவதை நாம் பார்ப்பதில்லை. இதைப் பார்த்துப் பழகியதால், எல்லா வினைகளும் ஒரே திசையில் கடைசிவரை ஓடி முடியும் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அநேக வினைகள் இருவழிப் பாதையில் நடப்பவை. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அமோனியா ஆகும். அதே கலத்தில், அதே நேரத்தில், உண்டான அமோனியா பிரிந்து மறுபடி நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஆகும். இத்தகையவற்றை மீள்வினைகள் என்கிறோம். எழுதும்போது ஒரு அம்புக்குறிக்குப் பதிலாக எதிரெதிராக இரண்டு குறிகள் இடுவோம்:

நைட்ரஜன் + ஹைட்ரஜன் ⇌ அமோனியா + உஷ்ணம்

இந்த இரட்டை அம்பை 1884ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் கையாண்டவர், ஹாலந்து தேசத்தவரான வான் ஹாஃப். 1901இல் இரசாயனத்துக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட நோபல் பரிசைப் பெற்றவரும் அவரே.

போகும் வழியும் திரும்பும் வழியும் ஒரே கலத்தில் திறந்திருந்தால் என்ன நேரும்? இதற்கு நம்மவர்கள் அனைவருக்கும் தெரிந்த ஜொகூர் பாலத்தையே உதாரணமாகச் சொல்லலாம். ஒரு மணி நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு ஆயிரம் பேர் போகிறார்கள், ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கும் ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (காலை வேளையில் அப்படியா இருக்கிறது என்று வரிசையில் நின்று அலுத்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறோம்.) அந்த ஒரு மணி நேரத்தில் இரு கரைகளிலும் உள்ள மக்கள்தொகை மாறாது. தொகையை மட்டும் எண்ணிப் பார்ப்பவர், பாலத்தில் ஆள் நடமாட்டமே இல்லை என்று சொல்லிவிடுவார். உண்மையில் பாலம் நெரிசலாக இருக்கிறது! போனவர் வேறு, வந்தவர் வேறு. தொகை மட்டும் அதே தொகை.

இதுதான் இரசாயனச் சமநிலை. முன்வினையும் பின்வினையும் சம விரைவில் நடக்கும் நிலை அது. வினை நின்றுபோன நிலை அன்று. இது வெறும் கற்பனையா என்று கேட்பவர்களுக்குச் சோதனை உண்டு. இனி ஒரு துளியும் கரையாது என்னும் அளவுக்கு உப்பு கரைந்த நீரில், கதிரியக்கமுள்ள சோடியத்தால் செய்த உப்புக்கட்டியைப் போடுங்கள். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு கூடுவதில்லை. ஆனால் சற்று நேரத்தில் அந்த நீரிலேயே கதிரியக்கம் காணப்படும். கட்டியிலிருந்து புறப்பட்டது எவ்வளவோ, அவ்வளவு நீரிலிருந்து கட்டிக்குத் திரும்பியிருக்கிறது.

சமநிலை தானாக எப்படி அமைகிறது? ஆரம்பத்தில் கலத்தில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருக்கின்றன. முன்வினை மும்முரமாக நடக்கிறது. பின்வினை நடக்க அமோனியாவே இல்லை. நேரம் போகப் போக மூலப்பொருள் குறைகிறது, முன்வினை தளர்கிறது. அமோனியா பெருகுகிறது, பின்வினை வலுக்கிறது. ஒன்று இறங்க, ஒன்று ஏற, இரண்டும் ஓரிடத்தில் சந்தித்துத்தான் ஆகவேண்டும். கலம் மூடியிருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மூடிய சோடாப் போத்தலில் கரியமிலவாயு நீருக்குள் போவதும் வெளிவருவதுமாகச் சமநிலையில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் வெளிவந்த வாயு அறைக்குள் போய்விடுகிறது. திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. நேரம் போகப் போகச் சோடா வெறும் தண்ணீர்.

இந்த உண்மை எங்கே முதலில் பிடிபட்டது என்பது சுவையான கதை. அக்காலத்து இரசாயனிகளிடம் ‘நாட்டப் பட்டியல்’ என்று ஒன்று இருந்தது. எந்தப் பொருளுக்கு எந்தப் பொருளின்மீது நாட்டம் அதிகம் என்று அதில் வரிசைப்படுத்தியிருந்தார்கள். ஸ்வீடன் தேசத்து பெர்க்மன் 1775இல் வெளியிட்ட பட்டியல் புகழ்பெற்றது. நாட்டம் அதிகமுள்ளது குறைந்ததைத் தள்ளிவிட்டுச் சேர்ந்துகொள்ளும். அதன் திசை மாறாது. அளவைப் பற்றிப் பேச்சே இல்லை. இதுவே நம்பிக்கை.

1798இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்தபோது அறிஞர் கூட்டம் ஒன்றையும் உடன் அழைத்துச் சென்றார். அவர்களுள் பெர்த்தொலே என்ற பிரெஞ்சு இரசாயனி ஒருவர். கெய்ரோவுக்கு வடமேற்கே பாலைவனத்தில் வாதி நத்ரூன் என்னும் பள்ளத்தாக்கில் உப்பு ஏரிகள் உண்டு. அவற்றின் கரையில் வெள்ளை வெளேரென்று சோடா உப்புப் படிந்து கிடக்கும். பண்டைய எகிப்தியர் சடலங்களைப் பதப்படுத்தவும் கண்ணாடி செய்யவும் அள்ளிச் சென்ற பொருள் இதுதான். நத்ரூன் என்ற அந்த அரபுப் பெயரிலிருந்தே சோடியத்துக்கு ‘நேட்ரியம்’ என்ற பெயரும், நம் பிள்ளைகள் இன்று சோடியத்துக்கு எழுதும் ‘என்-ஏ’ என்ற குறியும் வந்தன. ‘சோடியத்தில் எங்கே சார் என் எழுத்து வருகிறது’ என்று விழிக்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

அந்தச் சோடாவைக் கண்டு பெர்த்தொலே வியந்தார். ஆய்வுக்கூடத்தில் சோடாக் கரைசலையும் கால்சியம் குளோரைடு கரைசலையும் கலந்தால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். சாதாரண உப்பு நீரில் தங்கும். பட்டியலின்படி இது மாற்றமில்லாத விதி. இங்கோ இயற்கை நேர்மாறாக, உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் கொண்டு சோடாவைச் செய்து வைத்திருக்கிறது! அவர் கண்ட காரணம் இது: ஏரி நீரில் உப்பு மிதமிஞ்சி இருக்கிறது, சுண்ணாம்புக் கல்லோ சுற்றிலும் குவிந்து கிடக்கிறது, உண்டாகிற சோடாவும் நீரிலேயே தங்கிவிடாமல் கரையில் படிந்து வினையை விட்டு விலகிவிடுகிறது. எனவே வினையின் திசையை நாட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அளவும் சேர்ந்து தீர்மானிக்கிறது. 1799இல் கெய்ரோவில் அறிஞர் கழகத்தின் முன் இதை அவர் எடுத்துரைத்தார். 1803இல் பெரிய நூலாகவும் எழுதினார்.

ஆனால் பெர்த்தொலே ஓர் அடி அதிகமாக வைத்துவிட்டார். அளவுக்கேற்பக் கூட்டுப்பொருளின் அமைப்பே மாறும் என்றும் வாதிட்டார். அது தவறென்று ப்ரூஸ்ட் என்பவர் நிறுவினார். தவறான பாதியோடு சேர்ந்து சரியான பாதியும் நெடுங்காலம் மறக்கப்பட்டது. பின்னர் நார்வே தேசத்து குல்ட்பெர்க், வாகே என்ற இருவர் 1864இல் அதை எண்கணக்காக வகுத்தார்கள். இவர்கள் மைத்துனர்கள். தங்கள் தாய்மொழியில் வெளியிட்டதால் அப்போது ஐரோப்பாவில் அதைப் படித்தவர் சொற்பம்.

அவர்கள் வகுத்ததை ஒரு கணக்கால் விளக்குவோம். ஹைட்ரஜனும் அயோடின் ஆவியும் சேர்ந்தால் ஹைட்ரஜன் அயோடைடு உண்டாகும், அதுவும் மீள்வினையே. சமநிலை வந்தபின் ஹைட்ரஜன் அயோடைடின் செறிவை அதனாலேயே பெருக்கி, அதை ஹைட்ரஜன், அயோடின் இவற்றின் செறிவுகளின் பெருக்குத்தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். சுமார் 450 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் அந்த எண் ஏறத்தாழ 50. இதைச் சமநிலை மாறிலி என்கிறோம். ஒரு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் அயோடினும் போட்டுத் தொடங்கினால், ஒவ்வொன்றிலும் 0.78 மோல் செலவாகி, 0.22 மிஞ்சி, 1.56 மோல் ஹைட்ரஜன் அயோடைடு இருக்கும்போது கணக்கு 50க்குப் பொருந்துகிறது. காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். மாறாக, 2 மோல் ஹைட்ரஜன் அயோடைடை மட்டும் அடைத்துத் தொடங்கினாலும், அது பிரிந்து பிரிந்து அதே 1.56இல் வந்து நிற்கும். எந்தக் கரையிலிருந்து புறப்பட்டாலும் சேருமிடம் ஒன்றே.

இனி இரும்பாலைக்கு வருவோம். ஊதுலையில் இரும்புத் தாதுவிலுள்ள பிராணவாயுவைக் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு பறித்துக்கொண்டு கரியமிலவாயு ஆகிறது, இரும்பு மிஞ்சுகிறது. ஆனால் உலையின் உச்சியிலிருந்து வெளியேறும் புகையில் செலவாகாத கார்பன் மோனாக்ஸைடு ஏராளமாகக் கலந்திருந்தது. எரிபொருள் வீணாகிறதே என்று முதலாளிகள் கவலைப்பட்டார்கள். வாயு தாதுவோடு போதிய நேரம் தங்கவில்லை, அதனால்தான் வினை முடிவடையவில்லை என்று கருதினார்கள். நேரத்தைக் கூட்ட உலையை உயர்த்தினார்கள். இங்கிலாந்தில் சுமார் 30 மீட்டர் உயரம் வரை உலைகள் எழும்பின. புகையை மறுபடி சோதித்தார்கள். கார்பன் மோனாக்ஸைடின் விகிதம் குறையவில்லை!

உலையை வானம் முட்டக் கட்டினாலும் அது குறைந்திராது. அந்த வினை ஒரு மீள்வினை. முதலாளிகள் கண்டது அதன் எல்லையை. விரைவு போதாததால் வந்த குறையென்று அவர்கள் எண்ணினார்கள். தூரத்தின் எல்லையோ அங்கே குறுக்கே நின்றது. தம்பியின் விடைத்தாளில் இருந்த அதே பிழை. செங்கல்லாலும் இரும்பாலும் கட்டப்பட்ட பிழை. இந்தக் கதையை எடுத்துக்காட்டி எழுதியவர் லெ ஷாட்லியே என்ற பிரெஞ்சு இரசாயனி. 1884இல் அவர் சொன்ன விதிதான் இன்றும் நம் பிள்ளைகள் மனனம் செய்வது.

விதியைச் சுருக்கமாகச் சொன்னால், சமநிலையிலுள்ள ஒன்றின்மீது செறிவு, அமுக்கம், உஷ்ணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு மாறுதலைத் திணித்தால், அந்த மாறுதலை ஓரளவு தணிக்கும் திசையில் சமநிலை நகரும். ‘ஓரளவு’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மாறுதல் முழுவதும் அழிந்துவிடும் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர் பலர்.

மூலப்பொருளைச் சேர்த்தால் அதைச் செலவழிக்கும் திசையில் வினை நகரும். விளைபொருளை எடுத்துவிட்டால் மேலும் உண்டாக்கும் திசையில் நகரும். நத்ரூன் ஏரியில் நடப்பது இதுவே. அமுக்கத்தை ஏற்றினால் வாயுவின் கன அளவு குறையும் திசையில் நகரும். இங்கே ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன ஹைட்ரஜன் அயோடைடு வினையில் இரண்டு பங்கு வாயு இரண்டு பங்காகவே இருப்பதால், எவ்வளவு அழுத்தினாலும் சமநிலை அசையாது. அதுபோலவே, கலத்தின் அளவை மாற்றாமல் வினையில் சேராத ஆர்கான் போன்ற வாயுவைச் செலுத்தினால் மொத்த அமுக்கம் ஏறும். சமநிலையோ இடம் பெயராது. வினைபுரியும் வாயுக்களின் செறிவு மாறவில்லை அல்லவா? பரீட்சை வினா தயாரிப்பவர்கள் விரும்பி வைக்கும் கண்ணி இது.

உஷ்ணத்தின் விஷயம் இவற்றிலிருந்து சற்று வேறு. செறிவும் அமுக்கமும் சமநிலையை நகர்த்தினாலும் சமநிலை மாறிலியை மாற்றுவதில்லை; உஷ்ணம் அந்த எண்ணையே மாற்றிவிடுகிறது. சூடேற்றினால், உஷ்ணத்தை உட்கொள்ளும் திசையில் நகரும். அமோனியா உண்டாகும்போது உஷ்ணம் வெளிப்படுகிறது. ஆகவே சூடேற்றினால் அமோனியா பிரியும் திசைக்கே ஆதாயம்.

நான்காவதாகக் கிரியா ஊக்கி. தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருள் இது. 1998இல் துவாஸில் இரண்டாவது பாலத்தைத் திறந்தார்கள். போக்கும் எளிதாயிற்று, வரவும் எளிதாயிற்று. ஆனால் எந்தக் கரையில் வாழ்வது என்று மக்கள் எடுக்கும் முடிவைப் பாலம் எடுப்பதில்லை. கிரியா ஊக்கியும் இப்படித்தான். சமநிலைக்கு விரைவில் கொண்டுசேர்க்கும். சமநிலையின் இடத்தை மாற்றாது.

இப்போது தம்பியின் அமோனியாவை எண்களோடு பார்ப்போம். ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் சேர்த்து, காற்று மண்டலத்தைப்போல் 100 மடங்கு அமுக்கத்தில் வைத்தால், சமநிலையில் அமோனியாவின் விகிதம் 200 டிகிரியில் நூற்றுக்கு 81, 300 டிகிரியில் 52, 400இல் 25, 500இல் 10, 600இல் நாலரை. சூடு ஏற ஏற விளைச்சல் சரிவதைப் பாருங்கள். அப்படியானால் குளிர வைத்தே செய்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் மற்றக் கேள்வி வந்து நிற்கிறது. குளிர்ந்த நிலையில் நைட்ரஜன் எதனோடும் எளிதில் சேராது. நல்ல விளைச்சலுக்காகக் காத்திருப்பவர் ஆயுள் முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான். சூடாக்கினால் விரைவு உண்டு, விளைச்சல் இல்லை. குளிரவைத்தால் விளைச்சல் உண்டு, விரைவு இல்லை.

இந்த இடுக்கியில் அகப்பட்டவர்களுள் லெ ஷாட்லியேயும் ஒருவர். அமுக்கத்தை ஏற்றினால் அமோனியா பெருகும் என்று அவர் விதியே சொல்கிறது. நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குகிறதல்லவா? 1901இல் அவர் முயன்றார். கலத்தில் காற்றும் கலந்திருந்ததால் பெரும் வெடிப்பு நேர்ந்தது, முயற்சியைக் கைவிட்டார். கையில் வந்த கண்டுபிடிப்பை நழுவவிட்டதைத் தம் ஆராய்ச்சி வாழ்வின் மிகப் பெரிய தவறாக முதுமையில் அவரே ஒப்புக்கொண்டார்.

ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஹாபர் கைவிடவில்லை. முதலில் ஆயிரம் டிகிரியில் சாதாரண அமுக்கத்தில் சோதித்தபோது அவருக்குக் கிடைத்தது நூற்றில் ஒரு பங்கில் நூறில் ஒன்று போன்ற அற்ப அளவே. பிறகு அமுக்கத்தை 200 மடங்கு வரை உயர்த்தி, ஆஸ்மியம் என்ற உலோகத்தைக் கிரியா ஊக்கியாக வைத்து, 1909 ஜூலையில் தொழிற்சாலைப் பிரதிநிதிகளின் கண்ணெதிரே திரவ அமோனியா சொட்டச் செய்தார். அவருடைய கருவியில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. உண்டான அமோனியாவைக் குளிரவைத்துத் திரவமாக வடித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய வாயுக்களை மறுபடி கலத்துக்கே சுழல விட்டார். ஒரு சுற்றில் கிடைப்பது சிறிதானாலும் வாயு வீண்போகாது. நத்ரூன் ஏரி சோடாவைக் கரையேற்றியது போலவே இவர் அமோனியாவைக் கரையேற்றினார்.

இதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தவர் கார்ல் போஷ். அவரோடு உழைத்த மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, அரிதான ஆஸ்மியத்துக்குப் பதில், சில பொருள்கள் சேர்த்த மலிவான இரும்பே போதும் என்று கண்டார். 1913இல் ஓப்பாவ் என்ற ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்றும் பெரும்பாலான ஆலைகள் 400 முதல் 500 டிகிரி அளவிலேயே இயங்குகின்றன. அது விளைச்சலுக்கு உகந்த சூடும் அல்ல, விரைவுக்கு உகந்த சூடும் அல்ல. இரண்டுக்கும் இடையே பேசி முடித்த சூடு. பாடப்புத்தகம் அந்த எண்ணை மட்டும் கொடுத்து மனனம் செய்யச் சொல்வது நமக்கு உடன்பாடில்லை. இடுக்கியைப் புரிந்துகொண்டவன் எண்ணை மறந்தாலும் விடையை எழுதிவிடுவான்.

அந்த அமோனியாவிலிருந்து செய்த உரத்தால் விளையும் உணவு, இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைத் தாங்குகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் சரவாக்கின் பிந்துலுவில் 1985 முதல் அமோனியாவும் யூரியாவும் உற்பத்தியாகின்றன. அதே அமோனியா முதல் உலகப் போரில் வெடிமருந்தும் ஆயிற்று. அதே ஹாபர் 1915இல் போர்முனையில் நச்சுவாயு விடுவதையும் முன்னின்று நடத்தினார். 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசையும் பெற்றார். வாசகர்கள் தம் மனம்போல் எடைபோட்டுக்கொள்ளட்டும்.

கட்டுரையின் ஆரம்பத்தில் காரோட்டுபவர்களுக்கு ஒன்று சொல்வதாகக் கூறினோம். ஊதுலைப் புகையில் வீணாகிறதென்று முதலாளிகள் வருந்திய அதே கார்பன் மோனாக்ஸைடுதான் காரின் எஞ்சின் புகையிலும், மின்சார ஜெனரேட்டரின் புகையிலும், அடைத்த அறையில் எரியும் கரியடுப்பிலும் இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஒரு மீள்வினை. நுரையீரலில் ஏற்றுகிறது, தசைகளில் இறக்குகிறது. கார்பன் மோனாக்ஸைடு அதே இருக்கைக்குப் போட்டியிடுகிறது:

பிராணவாயு ஏறிய ஹீமோகுளோபின் + கார்பன் மோனாக்ஸைடு ⇌ கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ஹீமோகுளோபின் + பிராணவாயு

இந்தப் போட்டியில் கார்பன் மோனாக்ஸைடின் பிடிப்பு பிராணவாயுவைப்போல் 200 முதல் 250 மடங்கு வலியது. கணக்குப் போடுவோம். காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21. கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 0.1 மட்டுமே, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, இருக்கட்டும். 220 மடங்கு என்று கொண்டால் 0.1ஐ 220ஆல் பெருக்க 22 வருகிறது. 21க்கு 22! ஆயிரத்தில் ஒரு பங்கு விஷம், சமநிலை வரும்போது ஹீமோகுளோபினில் ஏறத்தாழப் பாதியைப் பறித்துக்கொண்டிருக்கும். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

இங்கும் தம்பியின் பிழை காத்திருக்கிறது. இந்தச் சமநிலை உடனே வருவதில்லை. மூச்சுக்கு மூச்சாக, ஒரு மணி, இரண்டு மணி என்று மெல்ல நெருங்குகிறது. ‘இருபது நிமிஷமாக இருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர் விரைவை மட்டும் பார்க்கிறார். வினை எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பதை அவர் பார்க்கவில்லை. அவர் உறங்கிவிட்டால் பார்க்க வழியுமில்லை. பெருநாளுக்கு ஊர் திரும்பும் குடும்பத்தார் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, குளிரூட்டி ஓடுவதற்காக எஞ்சினை அணைக்காமல், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளோடு கண்ணயர்வதைப் பார்க்கிறோம். புகைக்குழாயில் ஒரு சிறு ஓட்டை இருந்தால் போதும். எஞ்சினை அணையுங்கள், புழுக்கமாக இருந்தால் கண்ணாடியை இறக்குங்கள்.

எவரேனும் மயங்கிக் கிடந்தால் செய்யவேண்டியதையும் இந்த இரட்டை அம்பே சொல்கிறது. கார்பன் மோனாக்ஸைடு ஒருமுறை ஒட்டினால் விடவே விடாது என்று சிலர் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அது மீள்வினை, பிராணவாயுவைப் பெருக்கினால் சமநிலை திரும்பி நகரும். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள அந்த விஷம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியே சுத்தமான பிராணவாயு கொடுத்தால் சுமார் 80 நிமிஷம். அமுக்க அறையில் வைத்து மூன்று மடங்கு அமுக்கத்தில் கொடுத்தால் 20 நிமிஷத்துக்குச் சற்று அதிகம். எனவே முதல் வேலை அவரைத் திறந்தவெளிக்கு இழுத்துவருவது; இரண்டாவது, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணில் ஆம்புலன்ஸை அழைப்பது. வெளியே வந்து கண் விழித்துவிட்டார் என்பதற்காக வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடாதீர்கள். விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயு அளக்கும் சாதாரணக் கருவியையும் நம்பவேண்டாம். அது இரண்டு வாயுவுக்கும் வித்தியாசம் அறியாமல் 98, 99 என்று காட்டக்கூடும்.

விடைத்தாள் கொண்டுவந்த தம்பிக்கு இவ்வளவும் சொல்லி முடித்தபின் ஒரு வினாவைக் கொடுத்தனுப்பினோம். அதையே மற்ற மாணவர்களுக்கும் வைக்கிறோம். நைட்ரஜன் டைஆக்ஸைடு என்பது கபில நிற வாயு. அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தால் நிறமற்ற வேறொரு வாயு ஆகும், இதுவும் மீள்வினை. மூடிய கண்ணாடிக் குழாயில் இரண்டும் கலந்திருக்கின்றன. குழாயை ஐஸில் வைத்தால் நிறம் வெளிறுகிறது. வெந்நீரில் வைத்தால் கறுக்கிறது. இரண்டிரண்டாகச் சேரும்போது உஷ்ணம் வெளிப்படுகிறதா, உட்கொள்ளப்படுகிறதா? அடுத்து, அதே கலவையை ஊசிக்குழலில் அடைத்துச் சட்டென்று அழுத்தினால், நிறம் முதலில் கறுத்து, பிறகு சற்று வெளிறுகிறது. ஆனால் அழுத்துவதற்கு முன் இருந்த அளவுக்கு வெளிறுவதில்லை. ஏன்? இந்த வாயு விஷமாகையால் ஆசிரியர் துணையின்றி எவரும் செய்துபார்க்க வேண்டாம். காகிதத்தில் யோசித்தாலே போதும். தம்பி முதற் கேள்விக்குச் சரியான விடை கொண்டுவந்துவிட்டார். இரண்டாவதற்கு, ‘கறுக்கவே கூடாதே சார்’ என்கிறார். அவருக்கு உதவ விரும்பும் மாணவர்கள் தங்கள் விடையைக் காரணத்தோடு எழுதிச் சங்கத்துக்கு அனுப்பலாம்.